பன்னிரண்டு இருபதுக்குப் போர்த்திய துணி

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இப்போதே சிரிப்பதற்கு உதட்டைத் தயாராக வைத்திருப்பது எனக்குத் தெரிகிறது. ராகு காலத்தில் வேலையில் சேர்ந்தவன் நான். பிணவறைக்கு அடுத்த அறையில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டவன். என் மனைவி திருஷ்டி சுற்றிப் போட்டால்கூட, மிளகாய் வீணாகிறதே என்று சண்டை போடுவேன். ஆனால் நீங்கள்தானே கேட்டீர்கள், தினமும் சாவைப் பார்த்துவிட்டு எப்படி ஐயா வீட்டுக்குப் போய்ச் சோறு சாப்பிடுகிறீர்கள் என்று. அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் இதைச் சொல்லாமல் முடியாது. நம்பினால் நம்புங்கள், இல்லையென்றால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அறுபதுகளின் கடைசி. காஞ்சிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி, எது என்று சொல்லமாட்டேன், கேட்காதீர்கள். எனக்கு இருபத்தேழு வயது, அங்கே சின்ன டாக்டர். கேஷுவாலிட்டி என்று பெயர்தான் பெரிது, மூன்று கட்டில், ஒரு மேஜை, ஒரு மின்விசிறி, அதுவும் சுற்றும்போது டக் டக் என்று உயிரை வாங்கும். ஏரியில் விழுந்தவர்கள், மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டவர்கள், லாரியில் அடிபட்டவர்கள் எல்லாரும் அங்கேதான் வருவார்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது எங்கள் கைக்குள்ளேயே போய்விடுவார்கள்.

அதைத் தாங்குவதற்கு ஆளுக்கொரு வழி. எங்கள் பெரிய டாக்டர் அன்று சாயங்காலம் கிளப்பில் இரண்டு ஆட்டம் சீட்டு அதிகமாகப் போடுவார். ஸ்டெல்லா சிஸ்டர், அந்த அறையிலேயே பதினைந்து வருஷம் பழுத்தவர், யாரையாவது பிடித்துப் பத்து நிமிஷம் திட்டித் தீர்ப்பார், பஞ்சு சரியாகச் சுருட்டவில்லை, ஊசி சரியாகக் கொதிக்கவில்லை, என்ன கிடைத்தாலும் சரி. கன்னியப்பனுடைய வழி வேறு. அவர் எங்கள் ஆர்டர்லி, ஓரிக்கைக்காரர், ஐம்பது வயதிருக்கும். நாங்கள் கைவிட்ட பிறகு உடம்பு அவர் பொறுப்பு. தாடையைக் கட்டுவார், இரண்டு கால் கட்டைவிரலையும் சேர்த்துத் துணியால் கட்டுவார், கட்டும்போது பேசிக்கொண்டே கட்டுவார். "இன்னாமா, கால கொஞ்சம் சேத்து வெச்சுக்கோ. ஆங், அவ்ளோதான். வலிக்காது." உயிரோடு இருப்பவர்களிடம்கூட அவ்வளவு நயமாகப் பேசமாட்டார். எனக்கு எரிச்சலாக வரும், இரண்டு தடவை அதட்டியும் இருக்கிறேன்.

என் வழி என்னவென்றால், பெயர் கேட்கமாட்டேன். பெயர், ஊர், புருஷன் பெயர் எல்லாவற்றையும் சிஸ்டர் எழுதிக்கொள்வார். முகத்தையும் பார்க்கமாட்டேன். கண்ணைப் பார்ப்பேன், நாக்கைப் பார்ப்பேன், நாடியைப் பார்ப்பேன், ஆனால் அதெல்லாம் சேர்ந்து ஒரு முகம் ஆகிவிடாமல் பார்த்துக்கொள்வேன். முடிந்துவிட்டது என்றால் நேரத்தைச் சொல்லிவிட்டு நேராகப் பின்பக்கம் போய்க் குழாயை முழுசாகத் திறந்து கை கழுவுவேன். தண்ணீர்ச் சத்தத்தில் உள்ளே அழுகிறது கேட்காது. கழுவி முடிக்கும்போது அந்த ஆள் என் தலையிலிருந்து போயிருப்பார். சத்தியமாகப் போய்விடுவார், மறுநாள் கேட்டால் ஆணா பெண்ணா என்றுகூட எனக்கு நினைவிருக்காது. கெட்டிக்காரத்தனம் என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன், முட்டாள்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன். வைகாசி, கருட சேவை. உங்களுக்குத் தெரியும் அன்றைக்குக் காஞ்சிபுரம் எப்படி இருக்கும் என்று, சுற்றுப்பட்டு ஊர் ஜனமெல்லாம் விடியற்காலையிலேயே தெருவில்தான். எங்களுக்கு ஏழு மணியிலிருந்து மயக்கம் போட்டவர்கள், மிதிபட்டவர்கள், மூக்கில் ரத்தம் வந்தவர்கள். கட்டில் போதாமல் தரையில் பாய் போட்டுப் படுக்கவைத்திருந்தோம். வெளியே மேளம், வேட்டு, உள்ளே குழந்தைகள் கத்தல். நான் முந்தின நாள் காலையிலிருந்து வீட்டுக்குப் போகவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சற்று முன்னால் ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். இருபத்திரண்டு இருபத்துமூன்று வயது இருக்கும். கைவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள், கூட்டத்தில் ரிக்‌ஷா நுழைய முடியவில்லையாம். தூக்கிக்கொண்டு ஓடிவந்தவன் புருஷன் தேவராஜ், தறிக்காரன். பின்னாலேயே அவன் அம்மா.

"காலைல நல்லாதான் சார் இருந்தா. அஞ்சு மணிக்கே தறில குந்திட்டா. எட்டு மணிக்கு வயித்து வலின்னா. அப்பால கண்ணு சொக்கிக்கினே போச்சு, பேச்சு கொழகொழன்னு ஆயிடுச்சி. கோயிலுக்குப் போற அவசரத்துல நாங்க கண்டுக்கல சார்."

"எதாவது சாப்பிட்டாங்களா? எதாவது கடிச்சுதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

கண் இமையைத் தூக்கினேன், கண்மணி விரிந்து கிடந்தது, டார்ச் அடித்தால் அசையவில்லை. நாடி கைக்குத் தட்டவில்லை. மார்பு எழும்பவில்லை. உதடும் நகமும் நீலம். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் கேட்பது மேளமா, விசிறியா, என் காதுக்குள் ஓடுகிற ரத்தமா, ஒன்றும் தெரியவில்லை. பத்து விநாடி வைத்திருப்பேன், அதற்கு மேல் இல்லை. பக்கத்தில் தரையில் ஒரு பையனுக்கு வலிப்பு வந்துவிட்டது, அவனைப் பார் என்று நாலு பேர் என் சட்டையை இழுக்கிறார்கள். நான் நிமிர்ந்து சொன்னேன், "முடிஞ்சிடுச்சு சிஸ்டர். பன்னண்டு இருபது, எழுதிக்குங்க. மூடிடுங்க."

ஸ்டெல்லா சிஸ்டர் துணியை இழுத்துப் போர்த்தினார். தேவராஜின் அம்மா ஐயோ என்று கத்தியது காதில் விழுந்தது. வலிப்புப் பையனுக்கு ஊசி போட்டேன், அரை நிமிஷ வேலை. போட்டுவிட்டுப் பின்பக்கம் போனேன்.

பின்பக்கம் ஒரு நீளத் தாழ்வாரம். அதன் நடுவில் சிமெண்ட்டுத் தொட்டி, குழாய். தாழ்வாரத்துக்கு இந்த முனையில் எங்கள் கதவு, அந்த முனையில் பூட்டிக் கிடக்கிற சாமான் அறை. வேறு வழி கிடையாது, ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் கம்பி. நல்ல உச்சி வெயில். இருட்டில் எதையோ பார்த்துவிட்டான் என்று சொல்லிவிடாதீர்கள், கம்பி நிழல் தரையில் கோடு கோடாக விழுந்திருந்தது. குழாயைத் திறந்து சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"சார்."

பெண் குரல், இடது பக்கம், ஒரு கை தூரத்தில். நான் திரும்பவில்லை, அதுதான் என் பழக்கம் என்று சொன்னேனே. "முன்பக்கம் போய்ச் சீட்டு வாங்குங்கம்மா" என்றேன்.

"நான் போன வாரமே வந்துட்டுப் போனவ சார். அதே கட்டிலுதான்."

"அப்ப சீட்டு இருக்குமே, முன்னாடி காட்டுங்க. இங்கல்லாம் வரக்கூடாது."

"கால பாருங்க சார்."

எனக்குக் கோபம் வந்தது. காலில் புண் என்று கருட சேவை அன்றைக்குத்தான் வரவேண்டுமா?

"என் கால இல்ல சார். அந்தப் பொண்ணு கால. எனக்கும் தறிக்குழிலதான், கொசு கடிச்சா மாரி இருந்துது, நானும் யார்கிட்டயும் சொல்லல. வெரல் சந்துல பாருங்க."

"எந்தப் பொண்ணும்மா?"

"மூடி வெச்சிருக்கீங்களே, அவதான். எல்லாத்தயும் கேட்டுக்கினு இருக்கறா சார்."

அந்தக் குரலில் அழுகை இல்லை, கோபம் இல்லை. கடையில் நின்று, எனக்கு முன்னாடி அந்தம்மாவுக்குக் குடுங்க என்று சொல்வார்களே, அப்படித்தான் இருந்தது. நான் குனிந்தபடியே கண்ணை மட்டும் இடது பக்கம் ஓட்டினேன். கால் தெரிந்தது. வெடிப்பு விழுந்த குதிகால், மெட்டி, இரண்டு கட்டைவிரலும் சேர்த்துக் கட்டியிருந்தது. மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுத் துண்டு, ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஜரிகை, வெயில் பட்டு மின்னியது. இப்படிக் கட்டிக்கொண்டு இவள் எப்படி நடந்து வந்தாள் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம்தான் அந்தக் கட்டு எதற்குக் கட்டுவது என்று உறைத்தது. நிமிர்ந்தேன். யாரும் இல்லை. தாழ்வாரம் முழுக்கக் கம்பி நிழல்தான். தொட்டி நிரம்பித் தண்ணீர் என் செருப்பை நனைத்துக்கொண்டிருந்தது.

தூக்கமில்லாத மூளை, இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை, அதுதான் என்று சொல்லப் போகிறீர்கள். நானும் அதைத்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன், சொல்லிக்கொண்டே ஓடினேன். சோப்புக் கையோடு உள்ளே ஓடினேன். அவள் உயிரோடு இருக்கிறாள் என்று நம்பியா ஓடினேன்? கிடையாது. காலில் ஒன்றும் இல்லை என்று பார்த்துவிட்டால் நிம்மதியாக இருக்கும் என்றுதான் ஓடினேன்.

கன்னியப்பன் அப்போதுதான் வெள்ளைக் காஸ் துணியைக் கிழித்துக் கால்விரலைக் கட்டிக்கொண்டிருந்தார். "இன்னாமா, சின்னப் பொண்ணு நீ, கோவிச்சுக்காத" என்று பேசிக்கொண்டிருந்தார்.

"அவுருங்க அதை."

"இன்னா சார் இது, கட்டுன கட்ட அவுக்கக் கூடாது சார்."

"அவுருங்கய்யா!"

நானே பிடுங்கினேன். வலது காலில், சுண்டுவிரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் நடுவில், பிரித்துப் பார்த்தால்தான் தெரியும், இரண்டு புள்ளி. ஊசிமுனை அளவு. வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. கட்டுவிரியன். கோடைக்குக் குளிர்ச்சி தேடி, நெய்கிறவர்கள் காலை விட்டுக்கொள்கிற தறிக்குழிக்குள் போய்ப் படுத்திருக்கும், இவள் இருட்டோடு காலை இறக்கி மிதிகட்டையை மிதிக்கப் போயிருக்கிறாள். அது கடித்தால் வலிக்கவே வலிக்காது. உடம்பு கட்டை மாதிரி ஆகிவிடும், கண்மணி அசையாது, மூச்சு இருக்கிறதா என்றே தெரியாது, ஆனால் உள்ளே ஆள் முழு நினைவோடு இருப்பார். புத்தகத்தில் படித்திருந்தேன். படித்து என்ன பிரயோஜனம்!

மேளச் சத்தத்தில் ஸ்டெதஸ்கோப்பை நம்பிப் பலனில்லை. அவள் புடவை மடிப்பில் பட்டு இழை ஒட்டிக்கொண்டிருந்தது, தறியில் உட்காருகிறவர்கள் எல்லாருக்கும் ஒட்டியிருக்கும். அதில் ஒன்றை எடுத்து மூக்குத் துவாரத்துக்கு நேரே பிடித்தேன். என் கை நடுங்கியது, இழையும் நடுங்கியது. "கன்னியப்பா, நீ பிடி" என்றேன். அவர் கை கல் மாதிரி நிற்கும். இழை தொங்கியது. தொங்கிக்கொண்டே இருந்தது. அப்புறம் மெதுவாக வெளிப்பக்கம் சாய்ந்தது, திரும்ப உள்பக்கம் வந்தது.

"சார்," என்றார் கன்னியப்பன்.

ஆபரேஷன் அறையிலிருந்து மூச்சு கொடுக்கிற குழாயும் ரப்பர்ப் பையும் எடுத்துவரச் சிஸ்டரை விரட்டினேன். அது வருகிறவரை காத்திருக்க நேரமில்லை. அவள் மூக்கை அழுத்திப் பிடித்து, வாயில் என் வாயை வைத்து ஊதினேன். அவ்வளவுதான், அந்த இடமே அலறிவிட்டது. யோசித்துப் பாருங்கள், செத்துப்போனாள் என்று இப்போதுதான் நானே சொன்னேன், அழுதுகொண்டிருக்கிற மாமியார் முன்னால், நூறு பேர் பார்க்க, ஒரு வாலிபன் அந்தப் பெண்ணின் வாயில் வாய் வைக்கிறான். "அய்யய்யோ, பொணத்த இன்னா பண்றான் பாருடா இந்தப் பாவி!" என்று அந்த அம்மா மாரில் அடித்துக்கொண்டார். தேவராஜ் என் காலரைப் பிடித்துத் தூக்கினான், முதுகில் ஓர் அடி விழுந்தது, இன்னொன்று காதில். கன்னியப்பன் குறுக்கே விழுந்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். "டேய், உசுரு கீதுடா! உன் பொண்டாட்டி உசுரோட கீறாடா! அடிக்காதடா!"

அந்தப் பிடி தளர்ந்ததும் மறுபடி ஊதினேன். எத்தனை என்று தெரியாது. என் காதில் ரத்தம் வந்ததுகூட அப்புறம்தான் தெரிந்தது.

குழாய் இறங்கியது, பை பொருத்தினோம், விஷமுறிவு மருந்து ஏற்றினோம். ஆனால் கட்டுவிரியனுக்கு மருந்தைவிட முக்கியம், அவளுக்குப் பதிலாக யாராவது மூச்சு விட்டுக்கொண்டே இருப்பது. இப்போது மாதிரி மெஷின் கிடையாது. பையைக் கையால் அமுக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் இல்லை, நாள் கணக்கு. நானும் சிஸ்டரும் கன்னியப்பனும் சாயங்காலத்துக்குள் ஓய்ந்துவிட்டோம். விரல் மடங்க மறுத்தது. அப்போது தேவராஜ் பக்கத்தில் வந்து நின்றான்.

"நான் அமுத்தட்டுமா சார்? எவ்ளோ கணக்குன்னு மட்டும் சொல்லுங்க."

காட்டினேன். கொஞ்சம் பார்த்துவிட்டு, "தறில மிதிய மாத்தி நாடா ஓட்டி ரெண்டு தட்டு தட்டுறோமே, அந்தக் கணக்குதான்" என்றான். அவன் தெருவிலிருந்து ஏழெட்டுத் தறிக்காரர்கள் வந்தார்கள். அவர்களே முறை வைத்துக்கொண்டார்கள், ஒருவன் களைக்கும்போது அடுத்தவன் பையின் மேல் கையை வைத்து நாலு தடவை சேர்ந்தே அமுக்கி, தாளம் கிடைத்தபிறகுதான் வாங்கிக்கொள்வான். ஒரு மூச்சுக்கூடத் தவறவில்லை. கன்னியப்பன் தலைமாட்டில் நின்று அவளோடு பேசிக்கொண்டே இருந்தார். இந்தத் தடவை நான் அதட்டவில்லை. நானும் குனிந்து, முதல் தடவையாக, "உன் பேர் என்னம்மா?" என்று அவளிடமே கேட்டேன். பதில் வராது என்று தெரிந்துதான் கேட்டேன். தேவராஜ் சொன்னான், வசந்தா என்று.

மூன்றாம் நாள் காலையில் வசந்தாவின் இடது இமை நூல் அளவு தூக்கியது. நான் அழுதேன். சொல்வதற்கு என்ன வெட்கம், ஸ்டெல்லா சிஸ்டர் தோளைப் பிடித்துக்கொண்டு தேம்பி அழுதேன். அவர் அன்றைக்கு யாரையும் திட்டவில்லை.

ஒரு வாரம் கழித்து அவளுக்குப் பேச்சு வந்ததும் கேட்டேன், ஏதாவது நினைவிருக்கிறதா என்று.

"எல்லாம் கேட்டுது சார். முடிஞ்சிடுச்சி, பன்னண்டு இருபதுன்னு நீங்க சொன்னது கேட்டுது. துணிய மூஞ்சில போட்டாங்க. கத்திப் பாத்தேன் சார், உள்ளயேதான் கத்துறேன், வெரல்கூட ஆடல. அந்த அண்ணன் வந்து கோவிச்சுக்காதன்னாரு. அவர் ஒருத்தர்தான் என்கிட்ட பேசுனாரு."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, ஆனால் பார்த்தேன். அப்போது உன் பக்கத்தில் வேறு யாராவது ஒரு பெண் வந்து நின்றாளா, பேசினாளா என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "இல்லியே சார், யாரும் வரல" என்றாள். அவ்வளவுதான். ஆமாம், வந்தாள் என்று அவள் சொல்லியிருந்தால் நீங்கள் நம்புவதற்கு வசதியாக இருந்திருக்கும், என்ன செய்வது, சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் வந்தவர்கள் பெயரை எழுதிவைக்கிற நோட்டை எடுத்துப் பார்த்தேன். போன வாரம், அதே கட்டில் என்று அந்தக் குரல் சொன்னதே, அதை அத்தனை நாள் எடுத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமை. குப்பம்மாள், வயது இருபத்தொன்பது, முசரவாக்கம், கணவன் முருகேசன், தறி. காலையில் வயிற்று வலி, கண் செருகல், பேச்சுக் குழறல். வந்தது பத்து ஐந்துக்கு, முடிந்தது பத்து இருபதுக்கு. காரணம் என்ற இடத்தில், மூளையில் ரத்தக் கசிவாக இருக்கலாம் என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. எனக்கு அந்தப் பெண்ணின் நினைவே இல்லை. ஒன்பது நாள் இடைவெளியில் ஒரே மாதிரி இரண்டு பேர், வயிற்று வலி, சொக்கல், குழறல், எந்த மடையனுக்கும் பொறி தட்டியிருக்கும். முதலாமவளைக் குழாயடியில் கழுவி விட்டுவிட்டு வந்தவனுக்கு எங்கிருந்து தட்டும்?

ஞாயிற்றுக்கிழமை சைக்கிளை எடுத்துக்கொண்டு முசரவாக்கம் போனேன். அந்த வீட்டுத் தறிக்குழியிலும் பாம்பு இருக்கலாம், அந்த மனுஷன் அதிலேயே காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பான், எச்சரிக்க வேண்டும் என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். அது உண்மையான காரணம்தான். ஆனால் அது மட்டும் இல்லை. அவள் அன்றைக்கு உண்மையிலேயே போய்விட்டிருந்தாளா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

முருகேசன் என்னைவிட ஏழெட்டு வயது பெரியவர். வாசலில் டாக்டரைப் பார்த்ததும் பதறிப்போய்ப் பாயை உதறிப் போட்டார், நுங்கு வெட்டிக் கொடுத்தார். தறிக்குழியில் விளக்கு வைத்துத் தேடினோம். பாம்பு இல்லை, மூலையில் ஒரு வளை இருந்தது. வெந்நீர் ஊற்றி, அடைத்து, இனிமேல் விளக்கு இல்லாமல் காலை இறக்காதீர்கள் என்று சொன்னேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா, தெரியாது.

சுவரில் ஆணியில் ஒரு பட்டுத் துண்டு தொங்கிக்கொண்டிருந்தது. மாம்பழ மஞ்சள். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு ஜரிகை. நீளவாக்கில் பாதி கிழித்திருந்தது.

"அது என்னங்க?"

"அவ நெய்ததுதான் சார், மாதிரிக்குன்னு கொஞ்சம் நெய்து வெச்சிருந்தா. ஆஸ்பத்திரில கால்ல வெள்ளத் துணி கட்டி உட்டிருந்தாங்க. வேணாம், அவ கையால நெய்ததுலயே கட்டுங்கன்னு சொல்லி, இங்க கொணாந்தப்புறம் அதுலேர்ந்து பாதி கிழிச்சிக் கட்டுனோம்."

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிய பிறகு, அந்த வீட்டுக்குள் நடந்தது அது. நான் பார்த்திருக்க வழியே இல்லை. வேண்டுமானால் நீங்கள் ஒரு வழி கண்டுபிடியுங்கள், நான் இத்தனை வருஷமாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். செத்த பிறகு வந்தாள், என் மேல் ஒரு குறை சொல்லவில்லை, ஒரு சாபம் கொடுக்கவில்லை, யாரோ ஒரு பெண்ணுக்காகச் சிபாரிசு பண்ணிவிட்டுப் போய்விட்டாள். இது நடந்ததா என்று யாராவது கேட்டால் நடந்தது என்று எங்கே வேண்டுமானாலும் சொல்லுவேன். இதை நினைத்து எனக்குப் பயம் இல்லை.

பயம் முருகேசன் அடுத்துச் சொன்னதில் இருக்கிறது. அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார். நான் நுங்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, டாக்டருக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது என்று நினைத்திருக்க வேண்டும்.

"அவளுக்கு எங்கள உட்டுப் போக மனசே இல்ல சார். அந்தத் துணிய கட்டும்போது கண்ணோரமா தண்ணி வந்துது. அழுவுறா பாருன்னு என் மாமியாதான் காட்டுனாங்க. தொடச்சி உட்டோம். மறுபடியும் வந்துது சார். மறுபடியும் தொடச்சோம். அவ அண்ணன் வாலாஜாபாத்துலேர்ந்து வர்ற வரிக்கும் வெச்சிருந்து நாலு மணிக்கு எடுத்தோம்." அப்புறம், "வலி இருந்திருக்காது இல்ல சார்?" என்று கேட்டார்.

இருந்திருக்காது என்று சொன்னேன். அவர் என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இறந்தவர் கண்ணிலும் நீர் கசியும். எனக்குத் தெரியும், நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் துடைத்து விட்ட பிறகு மறுபடியும் கசியுமா என்று அதற்குப் பிறகு முப்பது வருஷம் வேலை பார்த்தும் நான் ஒரு டாக்டரிடமும் கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவார்களே.